பிசிபி என்றால் எந்த பிசிபி, பிஓடி என்றால் எந்த பிஓடி?

தம்பி கேட்டிருப்பது இதுதான். இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்காகக் கொழும்பின் பேரே வாவித் தண்ணீரின் தரத்தை அளந்து மொபைல் வலையமைப்பு வழியாக அனுப்பும் கருவி ஒன்றைச் செய்கிறார்கள். குழுவில் ஒருவர் இரசாயனம், இருவர் இலத்திரனியல், இன்னொருவர் தொடர்பாடல். ஆளுக்கொரு அத்தியாயம் எழுதி ஒன்றாகச் சேர்த்தபோது பிஓடி, டிஓ, பிசிபி, பிபிஎம் எல்லாம் பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு அர்த்தத்தில் வந்து நிற்க, மேற்பார்வையாளர் சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பிவிட்டார். இந்தச் சுருக்கங்களுக்கெல்லாம் ஒரே பட்டியல் எங்காவது இருக்கிறதா, இல்லாவிட்டால் எப்படிப் பிரித்து அறிவது, அறிக்கையின் சுருக்கங்கள் பக்கத்தில் எதைப் போடுவது?

பட்டியல் இருக்கிறது, தேவைக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் அது உங்களுக்கு உதவாது. ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சுருக்கம் மொத்தம் 17,576தான் அமைக்கலாம், 26ஐ மூன்று தடவை பெருக்கிப் பாருங்கள். அதிலும் எக்ஸ், கியூ, இஸட் மாதிரி எழுத்தில் தொடங்கும் சொற்கள் கொஞ்சம், பி, சி, எஸ், எம், டி என்று தொடங்குபவை ஏராளம், அதனால் எல்லாத் துறையும் அதே சில மூலைகளில் வந்து நெருக்கியடித்து நிற்கிறது. எந்தப் பட்டியலைத் திறந்தாலும் பிசிபிக்கு ஒரு டசின் அர்த்தம் தரும், அதில் உங்களுடையது எது என்று மட்டும் சொல்லாது.

எனக்கு இரண்டு பக்கத்திலும் வேலை செய்த பழக்கம் உண்டு, முதலில் இரசாயன ஆய்வுகூடம், அப்புறம் தொடர்பாடல். அதில் நான் கண்டது, தூரத்து மோதல்கள் வெறும் வேடிக்கை, கிட்டத்து மோதல்கள்தான் ஆபத்து. ஏடிஎம் என்றால் வங்கி இயந்திரமா வளிமண்டல அமுக்கமா என்று யாருக்கும் சந்தேகம் வராது, வசனத்திலேயே தெரிந்துவிடும். இரண்டு அர்த்தமும் ஒரே பெட்டிக்குள், ஒரே அட்டவணையில், சில நேரம் ஒரே வசனத்திலேயே பொருந்திப் போகும்போதுதான் சிக்கல். உங்கள் கருவி அப்படியான பெட்டி. தண்ணீரும் சிப்பும் அன்டெனாவும் ஒரே மூடிக்குள் இருக்கின்றன.

பிஓடியையே எடுங்கள். இரசாயனக்காரருக்கு அது உயிரிரசாயன ஒட்சிசன் தேவை: தண்ணீரைப் போத்தலில் அடைத்து 20 பாகை செல்சியசில், இருட்டில், 5 நாள் வைத்து, நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும்போது எவ்வளவு ஒட்சிசனைச் செலவழித்தன என்று பார்ப்பது, அலகு லீற்றருக்கு மில்லிகிராம். இலங்கையில் கழிவுநீரை உள்நாட்டு நீர்நிலைகளில் விடுவதற்கான பொது எல்லை 30. இலத்திரனியல்காரருக்கோ பிஓடி என்றால் பிரவுன்அவுட் டிடெக்டர், பற்றரி இறங்கி மின்னழுத்தம் ஒரு மட்டத்துக்குக் கீழே போனதும் சிப் உளறத் தொடங்குமுன் அதை ரீசெட் செய்யும் சுற்று. ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328 சிப்புக்கு 1.8, 2.7, 4.3 வோல்ட் என்று மூன்று மட்டங்கள், கடையிலிருந்து வரும்போது 2.7இல் வைத்து வருகிறது. இப்போது "பிஓடி 2.7" என்று அறிக்கையில் எழுதிப் பாருங்கள். இரசாயனக்காரர் அதைச் சுத்தமான ஆற்றுத் தண்ணீர் என்று வாசிப்பார், மற்றவர் பற்றரி போய்விட்டது என்று வாசிப்பார், இரண்டு வாசிப்பிலும் ஒரு குறையும் தெரியாது. (சிஓடியும் இருக்கிறது. இரசாயன ஒட்சிசன் தேவைக்கும் அதுதான், நீங்கள் சென்சரை ஒன்லைனில் ஓடர் பண்ணி சாமான் வந்த பிறகு காசு கொடுப்பதற்கும் அதுதான். இது தூரத்து வகை, கவலையில்லை.)

டிஓ இன்னும் மோசம். கரைந்த ஒட்சிசன் ஒரு பக்கம், டிஜிட்டல் அவுட்புட் மறுபக்கம். முதலாம் குறுக்குத் தெருவிலும் யூனிட்டி பிளாசாவிலும் கிடைக்கிற மலிவான சென்சர் மொடியூல்களில் ஏஓ, டிஓ என்று இரண்டு பின் (வயர் இணைக்கும் கால்) அச்சடித்திருக்கும், அந்த டிஓ ஒரு எல்லையைத் தாண்டினால் 1, இல்லாவிட்டால் 0 என்று மட்டும் சொல்லும். 30 பாகை வெப்பத்தில் நன்னீர் ஆகக் கூடினால் லீற்றருக்கு 7.5 மில்லிகிராம் அளவு ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். உங்கள் தரவுக் கோப்பில் டிஓ என்ற நிரலில் 0, 0, 0 என்று விழுந்தால், அது கலங்கல் சென்சரின் டிஓ பின் அமைதியாக இருப்பதா, அல்லது வாவியில் மீன் செத்து மிதக்கிற நிலையா? கோப்பைத் திறக்கிற மூன்றாம் ஆளுக்குத் தெரிய வழியே இல்லை. இந்த ஒன்றுக்காகவாவது நிரல் தலைப்பில் அலகையும் சேர்த்து எழுதுங்கள்.

பிபிஎம்முக்கு வருகிறேன், இதில்தான் ஆகக் கூடுதலான குழப்பம் புதைந்திருக்கிறது, ஏனென்றால் இது வேறு துறைகளில் வேறு அர்த்தம் தருவதோடு நிற்காமல் ஒரே துறைக்குள்ளேயும் மாறுகிறது. பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்பது அடிப்படை. தண்ணீரில் சொன்னால் திணிவுக்குத் திணிவு, ஏறக்குறைய லீற்றருக்கு ஒரு மில்லிகிராம். காற்றில் சொன்னால் கனவளவுக்குக் கனவளவு. காபனீரொட்சைட்டு இப்போது 420 பிபிஎம்மைத் தாண்டிவிட்டது என்று சொல்வது இந்தக் கணக்கில்தான். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கணக்குப் போட்டால் வாயுவின் மூலக்கூற்றுத் திணிவைப் பொறுத்து விடை பிழைத்துவிடும்.

அடுத்தது அந்தப் பேனை மாதிரி டிடிஎஸ் மீற்றர். அது கரைந்த திண்மங்களை அளப்பதே இல்லை. மின்கடத்துதிறனை அளந்து ஒரு காரணியால் பெருக்கி பிபிஎம் என்று திரையில் போடுகிறது, அவ்வளவுதான். சில மீற்றர்கள் 0.5ஆல் பெருக்குகின்றன, சில 0.7ஆல். ஒரே கோப்பைத் தண்ணீரை ஒன்று 200 என்றும் இன்னொன்று 280 என்றும் காட்டினால் இரண்டும் பழுதில்லை. எந்தக் காரணி என்று எழுதாத டிடிஎஸ் எண்ணை நான் பொருட்படுத்துவதில்லை.

இதே பிபிஎம் இலத்திரனியல் அத்தியாயத்தில் மணிக்கூட்டுப் பிழையாக வரும். 20 பிபிஎம் பளிங்கு என்றால் ஒரு நாளைக்கு 1.7 செக்கன் பிந்தலாம் அல்லது முந்தலாம், மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்குக் கிட்ட. டிஎஸ்3231 என்ற மணிக்கூட்டுச் சிப் 2 பிபிஎம், வருடத்துக்கே ஒரு நிமிடம்தான். தொடர்பாடல் பக்கம் போனால் மொபைல் கோபுரத்தின் மீடிறன் 0.05 பிபிஎம்முக்குள் நிற்க வேண்டும், 900 மெகாஹேர்ட்சில் அது வெறும் 45 ஹேர்ட்ஸ். இவ்வளவும் பத்து இலட்சத்தில் பங்கு என்ற ஒரே அர்த்தம்தான், எதில் பங்கு என்பதுதான் மாறுகிறது. பிறகு முற்றிலும் வேறான ஒன்று, பல்ஸ் பொசிஷன் மொடியூலேஷன், துடிப்பு எந்த நேரத்தில் விழுகிறது என்பதிலேயே தகவலை ஏற்றும் முறை, பறக்கும் மொடல் விமானம் விடுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதுவும் பிபிஎம். பிரின்டர் விளம்பரத்தில் நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்பதும் பிபிஎம். இந்தக் கடைசி இரண்டும் தூரத்து வகை, விடுங்கள்.

ஆனால் பிபிடியை விட முடியாது. கடல்நீரின் உவர்த்தன்மை 35 பிபிடி என்று சமுத்திரவியல்காரர் எழுதினால் ஆயிரத்தில் 35 பங்கு. டயொக்சின் இவ்வளவு பிபிடி என்று நச்சியல்காரர் எழுதினால் அது ட்ரில்லியனில் பங்கு. இரண்டுக்கும் இடையில் நூறு கோடி மடங்கு வித்தியாசம். உங்கள் வாவியோ துறைமுகத்துப் பக்கமாகக் கடலோடு தொடுப்புள்ளது, உவர்த்தன்மையையும் நச்சுப் பொருளையும் ஒரே அட்டவணையில் போட ஆசை வரும். பில்லியன், ட்ரில்லியன் என்ற சொற்களே எல்லா நாட்டிலும் ஒரே எண்ணைக் குறிப்பதில்லை, அதனால் அளவையியல் ஆட்கள் இந்த வகைக் குறியீடுகளையே விரும்புவதில்லை. லீற்றருக்கு மில்லிகிராம், கிலோவுக்கு நனோகிராம் என்று எழுதிவிட்டால் சண்டையே இல்லை.

சின்ன எழுத்து, பெரிய எழுத்து விவகாரம் ஒன்றும் இருக்கிறது. நாங்கள் எம்எஸ் என்று வாயால் சொல்லும்போதும் தமிழில் எழுதும்போதும் நான்கு சாமான் ஒன்றாகிவிடுகிறது. சின்ன எம், சின்ன எஸ் என்றால் மில்லிசெக்கன். சின்ன எம், பெரிய எஸ் என்றால் மில்லிசீமன்ஸ், மின்கடத்துதிறனைச் சொல்லும் அலகில் வருவது. இரண்டும் பெரியதென்றால் ஆய்வுகூடத்தில் திணிவு நிறமாலைமானி, வெல்டிங் கடையில் மைல்ட் ஸ்டீல். உங்கள் கணினி நிரலில் சென்சர் வாசிப்பது சீமன்சில், காத்திருப்பது செக்கனில், இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரியில். சிஓ கூட அப்படித்தான்: இரண்டும் பெரியதென்றால் காபனோரொட்சைட்டு, ஓ சின்னதென்றால் கோபால்ட், தொலைபேசிக்காரர் வாயில் வந்தால் அது எக்ஸ்சேஞ்ச் கட்டடம்.

சரி, பிசிபி. இதற்குத்தான் ஆகக் கூடுதலான இடம் கொடுக்கப் போகிறேன், ஏனென்றால் இந்த ஒன்றில் குழப்பம் உடம்புக்கும் கேடு.

அச்சிட்ட சுற்றுப் பலகை எல்லோருக்கும் தெரியும். ஒஸ்திரியாவில் பிறந்த போல் ஐஸ்லர் என்ற பொறியியலாளர் 1936 அளவில் லண்டனில் அதைச் செய்து காட்டினார், இரண்டாம் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகளின் பியூஸ்களுக்குள் போனது, அதன் பிறகு றேடியோவிலிருந்து இஸ்திரிப்பெட்டி வரை எல்லாவற்றுக்குள்ளும். மற்ற பிசிபி, பொலிகுளோரினேற்றப்பட்ட பைபீனைல். இரண்டு பென்சீன் வளையம் ஒட்டி நிற்கும், அதில் ஐதரசன் இருக்க வேண்டிய இடங்களில் குளோரின். எத்தனை குளோரின், எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து மொத்தம் 209 வகை. அமெரிக்காவில் 1930களிலிருந்து மொன்சான்டோ இதை அரோக்ளோர் என்ற பெயரில் விற்றது. அரோக்ளோர் 1254 என்றால் 12 காபன், திணிவில் 54 வீதம் குளோரின். இலகுவில் தீப்பற்றாது, மின்சாரத்தைக் கடத்தாது, சூட்டில் உடையாது, ட்ரான்ஸ்போமருக்கும் கெப்பாசிட்டருக்கும் ஊற்ற இதைவிட நல்ல எண்ணெய் இல்லை என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். உடையாது என்ற அதே குணம்தான் பிறகு வில்லங்கமானது: மண்ணிலும் மீனின் கொழுப்பிலும் மனிதக் கொழுப்பிலும் ஆண்டுக்கணக்காகத் தங்கிவிடுகிறது. 1968இல் மேற்கு ஜப்பானில், தவிட்டெண்ணெய் தயாரிக்கும் ஆலையில் சூடேற்றும் குழாயிலிருந்து கசிந்து எண்ணெயில் கலந்து, அதைச் சாப்பிட்ட ஆயிரக்கணக்கானோர் நோய்ப்பட்டார்கள், யூஷோ என்று அந்த நோய்க்குப் பெயர். அமெரிக்கா 1979இல் தடை செய்தது. இப்படிச் சிதையாமல் தங்கிவிடும் நச்சுகளைக் கட்டுப்படுத்தும் 2001இன் ஸ்டொக்ஹோம் சமவாயத்தில் முதலில் பட்டியலிட்ட பன்னிரண்டில் இதுவும் ஒன்று, இலங்கை 2005இல் அதில் சேர்ந்தது. கருவிகளில் இருப்பதன் பாவனையை 2025க்குள் நிறுத்த வேண்டும், கழிவை 2028க்குள் ஒழுங்காக அகற்ற வேண்டும் என்பது அதன் கணக்கு. எண்ணெயில் 50 பிபிஎம்முக்கு மேலே என்றால் கவனமெடுக்க வேண்டிய பொருள்.

இப்போது இரண்டு பிசிபியும் எங்கே சந்திக்கின்றன என்று பாருங்கள். பழைய ட்ரான்ஸ்போமர் எண்ணெயை வெல்டிங் பிளான்ட் குளிர வைக்க ஊற்றுகிற பழக்கம் இங்கே இருந்தது, சூடாகிப் புகையும் கிளம்பும், பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர் அதைத்தான் சுவாசிப்பார். பழைய குழல் விளக்கின் சோக்குக்குப் பக்கத்தில் இருக்கும் கெப்பாசிட்டருக்குள்ளும் அந்தப் பிசிபி இருக்கலாம், அப்படியான கெப்பாசிட்டரை இந்தப் பிசிபியில் பற்றவைத்திருக்கலாம். இலத்திரனியல் கழிவு சேகரிக்கிறவரிடம் "பிசிபி இருக்கிறதா" என்று கேட்டால் அவர் சந்தோஷமாக "மூட்டை மூட்டையாக இருக்கிறது" என்பார், பலகையைச் சொல்கிறார், அதில் செம்பும் தங்கமும் வரும். சுற்றாடல் அதிகாரி கேட்டது எண்ணெயை. பத்திரத்தில் "பிசிபி அற்றது" என்று எழுதினால் எதைச் சொல்கிறோம்? ஐரோப்பியச் சந்தைக்குப் போகும் கருவிகளுக்கான கட்டுப்பாட்டில் பிபிபி என்று இன்னொன்றும் வரும், அது குளோரினுக்குப் பதில் புரோமின் ஏறிய தம்பி மூலக்கூறு. பலகைக்கும் புரோமினுக்கும் நிஜமாகவே உறவு உண்டு: எஃப்ஆர்4 என்ற சாதாரணப் பச்சைப் பலகையில் தீப்பிடிக்காமலிருக்கப் புரோமின் சேர்மம் கலப்பார்கள், அதனால்தான் பலகையைத் திறந்த வெளியில் எரித்துச் செம்பெடுக்கிறவர் நச்சுப் புகைக்குள் நிற்கிறார்.

உங்கள் அறிக்கையில் என்ன செய்வது? பலகையைப் "பலகை" என்றோ "சுற்றுப் பலகை" என்றோ எழுதுங்கள். சுருக்கத்தை இரசாயனத்துக்கு மட்டும் விட்டுவிடுங்கள். வாவியின் அடிமண்ணில் பிசிபி தேடும் திட்டமும் உங்களுக்கு இருப்பதால் வேறு வழியில்லை.

உடம்புக்குக் கேடான இன்னொன்று எச்எஃப். றேடியோக்காரருக்கு அது 3 முதல் 30 மெகாஹேர்ட்ஸ், அயனமண்டலத்தில் பட்டுத் தெறித்துக் கடல் கடந்து போகும் பட்டை. இரசாயனக்காரருக்கு ஐதரசன் புளோரைட்டு, தண்ணீரில் கரைந்தால் ஐதரோபுளோரிக் அமிலம். சிலிக்கன் சிப் செய்கிற இடத்தில் ஒட்சைட்டுப் படலத்தைக் கரைக்க அதைத்தான் பாவிப்பார்கள், ஆக இலத்திரனியல் கட்டடத்துக்குள்ளேயே இரண்டும் இருக்கும். போத்தலில் வெறுமனே எச்எஃப் என்று ஒட்டியிருந்தால் யாரோ உயர் மீடிறன் பரிசோதனைக்கு வைத்த சாமான் என்று நினைக்க இடமுண்டு. நலிந்த கரைசல் தோலில் பட்டால் உடனே வலிக்காது, மணிக்கணக்கில் உள்ளே இறங்கி இரத்தத்திலும் எலும்பிலும் உள்ள கல்சியத்தைப் பிடித்துவிடும், இதயம் நிற்கவும் கூடும். அதற்குத்தான் கல்சியம் குளுக்கோனேற் ஜெல்லைப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். போத்தலில் எக்காரணம் கொண்டும் சுருக்கம் எழுதாதீர்கள், முழுப் பெயரை எழுதுங்கள்.

ஈஎஸ்ஆர் நடுத்தர வகை. கெப்பாசிட்டரின் உள்ளே மறைந்திருக்கும் தொடர் தடை ஒன்று, அது கூடினால்தான் கெப்பாசிட்டர் வீங்கிப் பவர் சப்ளை சாகும். எலக்ட்ரோன் ஸ்பின் ரெசொனன்ஸ் இன்னொன்று, சோடி சேராத இலத்திரன் உள்ள மூலக்கூறுகளைக் காந்தப் புலத்திலும் மைக்ரோவேவிலும் வைத்துப் பார்ப்பது, 1944இல் கசானில் சவொய்ஸ்கி கண்டது. இரத்தப் பரிசோதனைத் துண்டில் வருவது மூன்றாவது, செங்குழியங்கள் ஒரு மணித்தியாலத்தில் எத்தனை மில்லிமீற்றர் படிகின்றன என்பது. ஓம் என்றால் முதலாவது, மில்லிமீற்றர் என்றால் மூன்றாவது, அலகே சொல்லிவிடுகிறது. ஐஆரும் அப்படி: அலைஎண் 1700 பக்கம் என்று பேசினால் இன்ஃப்ராரெட் நிறமாலையில் காபனைல் கூட்டம், 38 கிலோஹேர்ட்ஸ் என்றால் டிவி ரிமோட், மெகாஓம் என்றால் வீட்டு வயரிங்கின் காவலித் தடை, மில்லிவோல்ட் என்றால் மின்னோட்டமும் தடையும் பெருகி வந்த இழப்பு. கடைசி இரண்டும் மின் வேலைக்காரருக்குள்ளேயே மோதுகிறது, அங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும்.

தூரத்து வகையில் எனக்குப் பிடித்தது பழைய ஏடிஎஸ்எல் ரூட்டரின் செட்டிங் பக்கம். ஏடிஎம் பிவிசி என்று ஒரு தலைப்பு இருக்கும், பார்த்தால் வங்கி இயந்திரமும் தண்ணீர்க் குழாயும். ஏடிஎம் என்பது தகவலை 53 பைட் துண்டுகளாக வெட்டி அனுப்பும் முறை, பிவிசி என்பது அதற்குள் நிரந்தரமாகப் போட்டு வைத்த மெய்நிகர் பாதை. அந்த 53க்கு ஒரு கதையுண்டு: குரல் எதிரொலிக்காமலிருக்க 32க்கு மேல் வேண்டாம் என்றது ஐரோப்பா, 64 வேண்டும் என்றது அமெரிக்கா, நடுவில் 48 என்று முடித்து, தலைப்புக்கு 5 சேர்த்தார்கள். இரண்டு பக்கத்தையும் சமமாக அதிருப்திப்படுத்திய எண். அதே ஏடிஎஸ்எல்லுக்குள் டிஎம்டி என்று ஒரு மொடியூலேஷன், சுங்கத்தில் அந்த மூன்றெழுத்தைச் சொன்னால் போதைப்பொருள் என்று பிடித்து வைப்பார்கள், பொலியெஸ்டர் ஆலையிலோ அது மூலப்பொருள்.

எல்சி கொழும்புக்கே உரியது மாதிரி. புறக்கோட்டை மொத்த வியாபாரியிடம் எல்சி என்றால் வங்கியில் திறக்கிற நாணயக் கடிதம்தான், 2022இல் டொலர் இல்லாமல் அது திறக்க முடியாமல் பட்டபாடு எல்லோருக்கும் ஞாபகம். சுற்று வரைகிறவருக்கு சுருளும் கெப்பாசிட்டரும், ஆய்வுகூடத்தில் திரவ நிறப்பகுப்பு, பைபர் வேலைக்காரருக்கு 1.25 மில்லிமீற்றர் முனையுள்ள சின்னக் கனெக்டர், நச்சியலில் கொல்லும் செறிவு.

டிஎஸ்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் றேடியோவில் சிவப்பு மூடிக்குக் கீழே ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் 70ஆம் சனலில், 156.525 மெகாஹேர்ட்சில், ஆபத்து அழைப்பு இலக்கங்களாகப் பறக்கும், அது டிஎஸ்சி. பிளாஸ்டிக் துணுக்கைச் சிறிது சிறிதாகச் சூடாக்கி எந்த வெப்பநிலையில் உருகுகிறது என்று பார்த்து இனங்காணும் கருவியும் டிஎஸ்சி. 2021இல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் எரிந்து, நைத்திரிக் அமிலமும் பிளாஸ்டிக் மணிகளும் ஏற்றி வந்த அந்தக் கப்பல் மூழ்கியது போன்ற ஒரு விபத்தில் கடல் தொடர்பாடல் ஆளும் பல்பகுதிய இரசாயன ஆளும் ஒரே மேசையில் உட்கார வேண்டி வரும். அந்த மேசையில் இந்தச் சுருக்கம் தூரத்து வகையிலிருந்து கிட்டத்து வகைக்கு வந்துவிடும். ஆட்களின் கலவை மாறினால் ஆபத்தும் மாறுகிறது.

எப்படிப் பிரித்து அறிவது என்றால், நான் பார்க்கும் ஒழுங்கு இது. முதலில் அலகு, பெரும்பாலும் அதோடே முடிந்துவிடும். அலகில்லாவிட்டால் பக்கத்துச் சுருக்கங்கள்: எல்சிக்குப் பக்கத்தில் எம்எஸ் நின்றால் நிறப்பகுப்பு, ஆர் நின்றால் சுற்று, எஸ்சி நின்றால் பைபர். அதுவுமில்லாவிட்டால் வினைச்சொல். எல்சியைத் திறக்கிறார்களா, ஓட்டுகிறார்களா, சொருகுகிறார்களா என்று கேளுங்கள். அதுவும் உதவாவிட்டால் எழுதியவரிடம் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை, எழுதியவர்தான் வெட்கப்பட வேண்டும்.

சுருக்கங்கள் பக்கத்துக்கு: ஒரு சுருக்கம், ஒரு அர்த்தம், அறிக்கை முழுவதற்கும். அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறலாம் என்று விட்டால் சோதகர் நடுவிலிருந்துதான் வாசிப்பார். மோதுகிற இரண்டில் எது அதிக தடவை வருகிறதோ அதற்குச் சுருக்கத்தைக் கொடுத்து மற்றதை முழுதாக எழுதுங்கள். உங்கள் விடயத்தில் பிஓடி, டிஓ, பிசிபி மூன்றும் தண்ணீருக்கு. சிப்பின் பிஓடியை "மின்னழுத்த வீழ்ச்சி ரீசெட்" என்றும் பின்னின் டிஓவை "இலக்க வெளியீடு" என்றும் எழுதினால் இரண்டு மூன்று இடங்கள்தான் நீளும். பிபிஎம்மை மணிக்கூட்டுப் பிழைக்கு மட்டும் வைத்துக்கொண்டு தண்ணீருக்கு மில்லிகிராம் பாவியுங்கள். ஜிஎஸ்எம் மொடத்துக்கு இருக்கட்டும், அறிக்கை அடிக்கிற தாளின் ஜிஎஸ்எம் பைண்டிங் கடைக்காரரோடு பேசிக்கொள்ளலாம்.

ஒன்று மிச்சம். வாவிக் கரையில் குடியிருப்பவர்களிடம் கையெழுத்து வாங்கிய படிவத்தில் என்ஐசி இலக்கம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, கருவிப் பட்டியலிலும் என்ஐசி முகவரி என்று ஒன்று, அது வலையமைப்பு அட்டை. புதிய அடையாள அட்டைக்கும் 12 இலக்கம், வலையமைப்பு அட்டையின் மக் முகவரிக்கும் 12 குறி. படிவங்களை அறிக்கையோடு இணைக்காதீர்கள், அவை மனிதர்களின் அந்தரங்கத் தகவல். கருவிப் பட்டியலில் "மக் முகவரி" என்று மாற்றிவிடுங்கள், இரண்டு பிரச்சினையும் ஒன்றாகத் தீரும்.